நம்பிக்கைகளும் உண்மைகளும்: மணல் தரையில் குளோவர்

பச்சைத் தரையை உழாமலே ஓர் இயந்திரம் வரிவரியாகக் கீறிக்கொண்டு போகும். கீறலுக்குள் புல் விதையும் குளோவர் விதையும் விழும். அடுத்த காட்சியில் மாடுகள் வயிறு முட்ட மேய்ந்துகொண்டிருக்கும். நியூசிலாந்தில் எடுத்த இப்படியொரு வீடியோ கைபேசியில் வந்து சேராத பண்ணையாளர் இப்போது குறைவு. பார்த்தவுடன் வருகிற கேள்வியும் ஒன்றுதான்: “இந்த விதையை எடுப்பித்து மட்டக்களப்பு நாவற்குடாவில் போட்டால் என்ன?”

போடலாம். மாரி மழைக்கு முளைக்கவும் முளைக்கும், மூன்று மூன்று இலையாக விரித்து ஆசை காட்டும். வைகாசியில் போய்த் தேடினால் இருக்காது. வெள்ளைக் குளோவர் குளிர்நாட்டுச் செடி. வெப்பம் 30 பாகை செல்சியஸைத் தாண்டினால் வளர்ச்சி தளர்ந்துவிடும். மேலோட்டமாக ஓடும் அதன் வேருக்குக் காய்ந்த மணலில் பிழைப்பில்லை. நுவரெலியா, அம்பேவெல பக்கத்துக் குளிரில் அது நன்றாக நிற்கும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கிற நமது மணல் துண்டில் கோடைப் பகல் எப்படியென்று சொல்லவே தேவையில்லை. விதையை விட்டுவிட்டு, அந்த விதைப்பு முறையை மட்டும் எடுத்துக்கொண்டால் பிரயோசனம் உண்டு.

ஆனால் முறையைச் சொன்னால்தான் பெரியவர்கள் சிரிக்கிறார்கள். “நாலு சால் உழாத நிலத்தில் என்ன பிடிக்கும்?” பிடிக்கும் என்பதற்கு நியூசிலாந்து வரை போகத் தேவையில்லை. தஞ்சாவூர், திருவாரூர் வயல்களில் நெல் அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே, நிற்கிற பயிருக்குள் உளுந்தையும் பச்சைப்பயறையும் வீசிவிடுகிறார்கள். மண் மெழுகுப் பதத்தில் இருந்தால் போதும். நெல்லை அறுத்த பிறகு தாளுக்கிடையில் பயறு எழுந்து நிற்கும். மணல் நிலத்தை உழுவதால் கெடுதல்கூட உண்டு: இருக்கிற ஈரம் பறந்துவிடும், அடியில் கிடந்த களை விதை மேலே வரும், வெட்டுப்பட்ட அறுகு கணுவுக்குக் கணு வேர்விட்டு இன்னும் பரவும்.

இதன் மறுகோடியில் இன்னொரு நம்பிக்கை இருக்கிறது. மழைக்கு முன் விதையை வீசிவிட்டால் மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும் என்பார்கள். உளுந்து பெரிய விதை, ஈரச்சேற்றில் விழுந்து ஒட்டிக்கொள்ளும். தீவனப் புல்லின் விதை பொடி. அடர்ந்த புல்லின் மேல் வீசினால் அது மண்ணைத் தொடுவதேயில்லை; எறும்புக்குத்தான் வேலை வரும். அதற்காக ஆழமாகப் புதைக்கவும் கூடாது. ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் மண் மூடினால் பொடி விதையின் முளை வெளிச்சம் காணாது. புரட்டாதிக் கடைசியில் மாட்டையும் ஆட்டையும் விட்டு, மண் தெரியுமளவுக்கு மேயவிடுங்கள். முதல் நல்ல மழை மண்ணுக்குள் இறங்கியதும் மண்வெட்டி முனையால் ஓர் அடிக்கொரு கீறல். விதையை உலர்ந்த மணலோடு கலந்து கீறலில் தூவி, காலால் மிதித்துவிட வேண்டும். இயந்திரம் செய்வதும் இதைத்தான்.

பழைய புல்லைக் கிளைபோசேட் களைகொல்லி அடித்துச் சாகடித்தால்தான் புதியது வருமாம். இலங்கையில் 2015இல் தடைசெய்து 2022இல் திரும்ப அனுமதித்த மருந்து. சில அடியிலேயே கிணற்றுத் தண்ணீர் ஊறுகிற ஊரில், ஆடு இலவசமாகச் செய்யும் வேலைக்கு அதை ஏன் வாங்க வேண்டும்?

சரி, குளோவர் இல்லையென்றால் எது? ஸ்டைலோ. தமிழ்நாட்டில் முயல் மசால் என்பார்கள். தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த பயறு இனம். சத்தில்லாத மணலையும் வரட்சியையும் தாங்கும். தண்ணீர் தேங்கும் பள்ளத்துக்கும் வாவியோர உவர் நிலத்துக்கும் சரிவராது. “விதை செத்தது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்” என்ற பேச்சு அதிகம் கேட்பது இந்த விதையைப் பற்றித்தான். கொஞ்சத்தை இரண்டு கோப்பையில் போட்டுப் பாருங்கள். ஒன்றில் பச்சைத் தண்ணீர். மற்றதில் கொதிக்கவைத்து இறக்கி 80 பாகை அளவுக்கு ஆறிய தண்ணீர். நாலு நிமிடத்தில் அதை வடித்துப் பச்சைத் தண்ணீர் ஊற்றி இரவு ஊறவிட வேண்டும். விடிந்து பார்த்தால் முதல் கோப்பையில் பெரும்பாலானவை போட்டபடியே கல்லாகக் கிடக்கும். மற்றதில் உப்பி, நகத்தால் கீறினால் தோல் கழன்று வரும். வரிசையில் விதைக்க ஹெக்டேயருக்கு 6 கிலோ போதும். கால் ஏக்கருக்கு 600 கிராம். ஒரே ரகத்தை மட்டும் நம்பவும் வேண்டாம். அவுஸ்திரேலியாவின் வடக்கில் பரந்து கிடந்த டவுன்ஸ்வில் ஸ்டைலோவை 1970களில் அந்த்ரக்னோஸ் என்ற பூஞ்சண நோய் அழித்துவிட்டது.

“பயறு இனத் தீனி வயிறூத வைக்கும்” என்பது குளோவருக்கும் குதிரை மசாலுக்கும் பொருந்தும், ஸ்டைலோவுக்குப் பொருந்தாது. கவனம் வேண்டியது இப்பிலிப்பில் மரத்தின் இலையில். அதிலுள்ள மிமோசின் நச்சு. தீனியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள்.

இனி யூரியாவே தேவையில்லை என்ற கதைக்கு வருவோம். முயல் மசால் போட்ட வருடமே பக்கத்துப் புல் கறுத்துச் செழிக்கும் என்று நினைக்கிறோம். வேர் முடிச்சில் பிடிக்கிற நைதரசனை முதல் வருடம் பெரும்பாலும் மசாலே வைத்துக்கொள்கிறது. உதிர்ந்த இலை, செத்த வேர், மாட்டின் சாணம், மூத்திரம் வழியாகத்தான் அது புல்லுக்குப் போகும். முழுவதையும் அறுத்துத் தொழுவத்துக்குக் கொண்டுபோய், எருவைத் தென்னைக்குப் போட்டால் புல்லுக்கு ஒன்றும் மிஞ்சாது.

“கோ-3 புல் நட்டால் மேய்ச்சற்றரையே தேவையில்லை” என்று சொல்கிறவர்களும் உண்டு. கோயம்புத்தூரில் உருவாக்கிய அந்தக் கலப்பினத்தை விதையால் பெருக்க முடியாது, தண்டுதான் நட வேண்டும். தண்ணீரும் எருவும் கேட்கும். நாவற்குடா வளவில் கட்டி வளர்க்கிற இரண்டு பசுவுக்கு அருமையான தீனி. மண்முனைப் பாலத்துக்கு அப்பால் படுவான்கரையில் நூறு, இருநூறு உருப்படி வைத்திருப்பவருக்குப் புல் அறுத்துப் போட்டுக் கட்டுபடியாகாது. பெரும்போகத்தில் வட்டையெல்லாம் வேளாண்மை. மாட்டுக்குக் காட்டோரத் தரைதான் கதி. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரை பறிபோகக் கூடாதென்று பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தெருவோரம் குந்தியது இதற்காகத்தான். அடுத்த மாரிக்குத் தன் பட்டி அங்கே நிற்க முடியுமா என்று தெரியாதவரிடம் விதை வாங்கித் தூவு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வேலி போட்ட சொந்தத் தரை இருப்பவருக்குக் கடைசியாக ஒன்று. விதைத்த தரைக்குள் ஒரு வருடம் மாட்டை விடக்கூடாது என்பது மிகை. கட்டாயம் காக்க வேண்டியது முதல் 75 நாள் அளவு. அதன் பிறகு அளவோடு மேயவிட்டால்தான் உயர்ந்த புல் மசாலை மூடாமல் இருக்கும். காய் முற்றியபின் மேய்ந்த மாட்டின் வயிற்றில் அந்தக் கடினத் தோல் விதையில் ஒரு பங்கு செரிக்காமல் சாணத்தோடு வெளியே வந்து முளைக்கும். எனவே மசால் பிடிக்காத மூலை எதுவோ, அங்கே இரவுப் பட்டியை மாற்றி அடையுங்கள். கூலியும் இல்லை, டீசலும் இல்லை.