தேர் வீடியோவில் மறைந்த கோடுகள்

அன்புள்ள தங்கைக்கு,

ஆடிப்பூரத் தேரோட்ட வீடியோவை உன் என்கோடருக்குச் சோதனையாக வைத்தது நல்ல தேர்வு. வடம் பிடிக்கும் கூட்டம், காற்றில் படபடக்கும் தேர்ச்சீலை, பின்னால் அசையாமல் நிற்கும் 11 நிலைக் கோபுரம் என எல்லாம் ஒரே சட்டகத்தில் வருகின்றன. உன் என்கோடர் கூட்டத்தைக் காப்பாற்றிவிட்டது. ஆனால் கோபுரத்தில் நிலைக்கு நிலை நெருங்கி வரும் மெல்லிய கோடுகளைத் தொலைத்துவிட்டது. பிட் செலவையும் படத் தரத்தையும் எடைபோடும் லாம்டாவை நீ குறை சொல்கிறாய். நான் உன் டோக்கன் செலவு அட்டவணையைத்தான் சந்தேகிக்கிறேன்.

விபி8 வீடியோ சுருக்க முறையில் 4×4 பிளாக்கின் குணகங்களை 12 வகை டோக்கன்களாக எழுதுகிறோம்: பூஜ்யம், ஒன்று முதல் நான்கு வரை, பெரிய எண்களுக்கு 6 வகைகள், பிளாக் முடிந்தது என்னும் முடிவு டோக்கன். ஒரு குணகத்தை வைப்பதா வெட்டுவதா என்று ஒவ்வொரு முறையும் எழுதிப் பார்த்து அளக்க நேரமில்லை. அதனால் நிகழ்தகவிலிருந்து செலவை மதிப்பிடுகிறோம். ஷானன் 1948இல் காட்டிய வழிதான் இது. 1 பிட்டை 256 என்று வைத்தால், கால் பங்கு வாய்ப்புள்ள கிளைக்கு 512, எதிர்க் கிளைக்கு 106. இந்தப் பின்னங்களை அற்பமென்று நினைக்காதே. 1280×720 சட்டகம் ஒன்றில் ஏறத்தாழ 13.8 லட்சம் குணகங்கள் இருக்கின்றன.

இப்போது உன் அட்டவணைக்கு வருகிறேன். பூஜ்யத்துக்கு அடுத்து முடிவு டோக்கன் வரவே முடியாது. பிளாக் அங்கேயே முடிந்திருந்தால் அந்தப் பூஜ்யத்தை எழுதியிருக்கவே மாட்டோம். ஆகவே டிகோடர் அந்த இடத்தில் ‘முடிந்ததா?’ என்று கேட்பதே இல்லை. நீயோ கேட்காத கேள்விக்கும் செலவு எழுதியிருக்கிறாய். வரிசையாக வரும் ஒவ்வொரு பூஜ்யத்துக்கும் இந்தக் கூடுதல் சேர்கிறது. பூஜ்யங்களைத் தாண்டித் தனியே நிற்கும் சிறு குணகம் இல்லாத விலைக்கு ஏறிவிடுகிறது, என்கோடர் அதை வெட்டி எறிகிறது. கோபுரத்தின் கோடுகளைத் தாங்கி நிற்பவை பெரும்பாலும் அத்தகைய குணகங்கள்தாம்.

திருத்தும்போது அவசரப்படாதே, அங்கேயும் ஒரு குழி இருக்கிறது. முந்தைய டோக்கன் பூஜ்யம் என்பதைச் சூழல் 0 என்று குறிக்கிறோம்; ஆனால் சூழல் 0 என்று கண்ட இடமெல்லாம் ‘முடிந்ததா?’ என்னும் கேள்வியின் செலவை நீக்கினால் மறுபக்கம் தவறாகும். பிளாக்கின் முதல் குணகத்தில் சூழல் 0 என்பது இடப்பக்கத்து, மேல்பக்கத்து பிளாக்குகள் இரண்டும் காலி என்பதைக் குறிக்கிறது. முந்தைய டோக்கனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அங்கே முடிவு டோக்கன் தாராளமாக வரும். டிசி குணகம் ஒய்2 பிளாக்குக்குப் போய்விட்ட லூமா பிளாக்கில் முதல் குணகம் 0ஆம் இடத்தில் இல்லை, 1ஆம் இடத்தில் தொடங்குகிறது. லிப்விபிஎக்ஸ் மூலநிரல் இதையெல்லாம் ஒரே நிபந்தனை வரியில் முடித்திருக்கிறது. அந்த வரியில் நின்று நிதானித்துப் படி. 2011 நவம்பரில் வெளியான ஆர்எஃப்சி 6386இன் 13ஆம் பகுதியையும் பக்கத்தில் வைத்துக்கொள்.

அட்டவணையில் குணகத்தின் கூட்டல்-கழித்தல் குறிக்கான 1 பிட்டையும், பெரிய வகைகளின் கூடுதல் பிட்டுகளையும் சேர்த்திருக்கிறாயா என்று பார்.

அடுத்தது சரிபார்ப்பு. இதில் சலிப்பே கூடாது என்று வற்புறுத்திச் சொல்கிறேன். விபி8இன் 1,056 டோக்கன் நிகழ்தகவுகளும் சட்டகத்துக்குச் சட்டகம் மாறலாம். நீ முடிவெடுப்பது பழைய நிகழ்தகவை வைத்து, எழுதுவது புதியதை வைத்து. இரண்டுக்கும் இடைவெளி இருப்பது இயல்பு, ஆனால் அந்த இடைவெளிக்குள் நிரல் பிழையும் ஒளிந்துகொள்ளும். எனவே முதலில் நிகழ்தகவுகளை மாறாமல் நிறுத்தி வை. மதிப்பிட்ட கூட்டுத்தொகையும் உண்மையில் எழுதப்பட்ட பிட்டுகளும் ஏறக்குறைய ஒட்டி வர வேண்டும். ஒட்டாவிட்டால் மேலே நகராதே. ஒட்டிய பிறகு புதுப்பித்தலைத் திறந்துவிட்டு, தேர் ரத வீதி முனையில் திரும்பும் சட்டகங்களைப் பார். ஒரு நிகழ்தகவைப் புதுப்பிக்க 8 பிட்டும் அதற்கான கொடியும் செலவாகும். மிச்சம் அதைவிடக் கூடுதலாக இருந்தால் மட்டும் மாற்று.

லாம்டாவை அதுவரை தொடாதே. 4 பிளாக் வகைகளுக்கும் தனித்தனியாக, மதிப்பீடு ஒரு பத்தியிலும் எழுதிய பிட் மறு பத்தியிலுமாகப் போட்டு எனக்கு அனுப்பு. ஒய்2 வரிசையை நான் முதலில் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்