பதினொன்று ஒன்பதானது எப்படி?

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையை ஒட்டித் தொழிற்சாலைகள் பல இருப்பதை அறிவீர்கள். அவற்றுள் ஒன்றில், உலையின் வெப்பநிலையை நிமிடத்துக்கு ஒரு முறை அளந்து கணினிக் கோப்பில் பதியும் கருவி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். 'ஈ' டிரைவில் 'டெம்ப்' என்னும் கோப்புறைக்குள் 'நியூ' என்பது அக்கோப்பின் பெயர். விண்டோஸ் கணினியில் அதன் முகவரி ஈ:\டெம்ப்\நியூ ஆகும். இம்முகவரியை மேற்கோள் குறிகளுக்குள் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டி, கோப்பைத் திறக்குமாறு பைத்தானுக்குக் கட்டளையிடுகிறோம். கோப்பு கண்ணெதிரே இருக்கிறது; பைத்தானோ திறக்க இயலாது என்கிறது!

முகவரியை ஆங்கிலத்தில் எழுதி எண்ணிப் பாருங்கள். குறிகளையும் சேர்த்து 11 வரும். அதே சரத்தின் நீளத்தை 'லென்' கட்டளையால் கேட்டால் கணினி 9 என்று சொல்லும். மீதி இரண்டு எங்கே போயின?

மேற்கோள் குறிக்குள் வரும் பின்சாய்கோடு, பைத்தானுக்கு வெறும் கோடு அன்று. "அடுத்து வருவதை எழுத்தாகப் படிக்காதே" என்னும் எச்சரிக்கை அது. அதை அடுத்து 'டீ' வந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே குறியாகும்: தத்தல் இடைவெளி, ஆஸ்கி எண் 9. 'என்' வந்தால் புதிய வரி, எண் 10. இத்தகைய சேர்க்கையை விடுபடு வரிசை என்பர். நம் முகவரியில் 'டெம்ப்' டீயில் தொடங்குகிறது, 'நியூ' என்னில் தொடங்குகிறது. இரண்டு இணைகளும் இரண்டு குறிகளாகச் சுருங்கிவிட்டன. கோப்பைத் திறந்து படிக்கையில் இப்படி நேர்ந்தால் பிழைச் செய்தி வரும், அவ்வளவே. உலையின் அளவுகளைப் பதியும் நிரலில் நேர்ந்து, அதை யாரும் கவனிக்காவிட்டால், அன்றிரவின் அளவுகள் உரிய கோப்பில் இரா.

ஒரே குறிக்கு இரண்டு வேலைகள் வந்தது எப்படி? ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய பாப் பெமர் 1961இல் பின்சாய்கோட்டை ஆஸ்கி குறித்தொகுதிக்குள் கொண்டுவந்தார். 1970களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழி அதை விடுபடு குறியாக எடுத்துக்கொண்டது. பைத்தான் அவ்வழக்கத்தைப் பின்பற்றுகிறது. மறுபுறம், 1981இல் வெளிவந்த டாஸ் இயக்க முறைமையில் கோப்புறைகளே இல்லை. முன்சாய்கோடு கட்டளைகளின் விருப்பக் குறியாகிவிட்டிருந்தது. 1983இல் டாஸ் 2.0 கோப்புறைகளைக் கொண்டுவந்தபோது, யூனிக்ஸ் பயன்படுத்திய முன்சாய்கோட்டை எடுக்க வழியின்றிப் பின்சாய்கோட்டை எடுத்தனர். இந்த மோதலின் பலனைத்தான் இன்றும் அனுபவிக்கிறோம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 'டேட்டா' என்று கோப்புறைக்குப் பெயரிட்டால் அந்தப் பெயரால் சிக்கல் வராது. ஏனெனில் பின்சாய்கோட்டுடன் அதன் முதலெழுத்துச் சேர்ந்தால் தனிப் பொருள் எதுவும் இல்லை. பைத்தான் இரண்டையும் அப்படியே விட்டுவிடும். 2023இல் வந்த 3.12 பதிப்பு முதல் அதற்கும் ஓர் எச்சரிக்கை காட்டுகிறது. நேற்று ஓடிய நிரல், கோப்புறையின் பெயரை மாற்றியதும் இன்று நின்றுபோவதன் மர்மம் இதுவே!

இனிப் பரிகாரம். பின்சாய்கோட்டை இரட்டையாக எழுதினால் நினைவகத்தில் ஒன்றாக அமையும். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் சிஎஸ்வி கோப்புகளின் முகவரியில் இரட்டைக் கோடுகளைக் கண்டு, அச்சுப்பிழையோ என்று ஐயுற்றவர்களுக்கு விடை கிடைத்திருக்கும். முன்சாய்கோட்டையே எழுதினாலும் விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும். என் பரிந்துரை இதுதான், ஏனெனில் லினக்ஸ் கணினியிலும் முன்சாய்கோடே வழக்கு. மூன்றாவது வழி, மேற்கோள் குறிக்கு முன்னால் 'ஆர்' என்னும் எழுத்தை இடுவது. அப்போது பின்சாய்கோடு வெறும் கோடாகிவிடும்.

ஆனால் 'ஆர்' இட்ட சரத்தை ஒற்றைப் பின்சாய்கோட்டில் முடித்துப் பாருங்கள். பைத்தான் மறுக்கும். அங்கேயும் அந்தக் கோடு தன்னை அடுத்துள்ள மேற்கோள் குறியைச் சரத்தின் முடிவாகக் கருதவிடாது. சரம் மூடப்படாமலே நிற்கும்.