சிறு சுழல்காற்றும் விழுந்த மரங்களும்

காஞ்சீபுரத்தைச் சூழ்ந்த கிராமங்களில் சித்திரை, வைகாசி மாதங்களில் வெயிலின் உக்கிரம் மிகுந்து, பிற்பகலில் கருமேகம் திரண்டு, திடீரெனக் காற்றெழுந்து வேம்பின் கிளைகளை முறித்து வாழைகளைச் சாய்த்துச் செல்வதுண்டு. ஜனங்கள் இதனைச் சூறாவளி என்றே பொதுவாகச் சொல்லிவிடுகின்றனர். ஆயினும் புயல் வேறு, இடிமேகத்தினின்று இறங்கி வீசும் காற்று வேறு, சுழல்காற்று வேறு. பெயர் எதுவாயினும் மரம் விழுந்தது விழுந்ததுதானே என்று அங்கத்தினர் கேட்கலாம். அவர்தம் பணத்தையே பற்றிய வேற்றுமை இதில் உண்டு.

புயல் கடலிற் பிறந்து பல ஊர்களை ஒருங்கே தாக்குவது. 12-12-2016 அன்று வார்தா புயல் மணிக்கு 110 முதல் 120 கிலோமீட்டர் வேகத்தில் சென்னை அருகே கரை கடந்தது. அப்பொழுது காஞ்சீபுரம் ஜில்லாவிலிருந்த வண்டலூர் மிருகக்காட்சிசாலையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மிகச் சிறிய தரத்துச் சுழல்காற்றின் வேகமும் ஏறக்குறைய இதுவே. மணிக்கு 105 முதல் 137 கிலோமீட்டர் என்று மதிப்பிடப்படுகிறது. ஆனால் அது சில நிமிஷங்களே நிற்கும். அதன் பாதையோ பெரும்பாலும் ஒரு தோப்பின் அகலத்தைத் தாண்டாது. எல்லாச் சுழல்காற்றும் இவ்வாறு சிறியதன்று. 1989 ஏப்ரலில் வங்காள தேசத்து மாணிக்கஞ்ச் பகுதியில் ஒரே சுழல்காற்றால் ஏறக்குறைய 1,300 பேர் மாண்டனர்.

இத்தகைய காற்றின் வேகத்தைக் கருவி கொண்டு நேரில் அளத்தல் அரிது. முறிந்த கிளையையும் சாய்ந்த மரத்தையும் பார்த்தே பின்னர் மதிப்பிடுகின்றனர். ஆகையால் விறகுக்கு வெட்டுமுன் மரங்கள் கிடக்கும் திசையைக் குறித்துக்கொள்ளுதல் நன்று. யாவும் ஒரே திசையில், அல்லது விசிறிபோல் விரிந்து கிடப்பின், மேகத்தினின்று இறங்கிய காற்று எனலாம். குறுகிய பாதையில் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட்டு, நடுவை நோக்கி விழுந்திருப்பின் சுழல்காற்றென்று ஐயுறலாம். அறுந்த மின்கம்பி கிடக்குமிடத்தில் இப்பரிசோதனை வேண்டா.

இனிப் பணத்தின் விஷயம். 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் புயலும் சுழல்காற்றும் சேர்ந்தேயுள்ளன. ஆனால் அவற்றால் வரும் நஷ்டம் அறிவிக்கப்பட்ட வட்டாரம் முழுவதன் சராசரி விளைச்சலைக் கொண்டு கணக்கிடப்படுவது. புயலில் வட்டாரமே நஷ்டமடையும், சராசரியும் குறையும். சிறு சுழல்காற்றோ ஒரு குடியானவரின் வயலை அழித்து அண்டை வயலை விட்டுவிடும், சராசரி அசையாது. நெசவாளர் தெருவிலும் இவ்வாறே. ஒரு வீட்டின் ஓடுகள் பறந்தால் மழைநீர் குழித்தறிக்குள் இறங்கும். பாவிலுள்ள பட்டோ பெரும்பாலும் முதலாளியுடையது, அல்லது சங்கத்தினுடையது.

அயலார் அனைவரும் நலமாயிருக்க ஒருவர் மட்டும் நஷ்டமடையும் இத்தகைய சமயத்திற்கே சங்கம் ஏற்றது. 1904 அக்டோபரில் இந்தியாவின் முதல் நகர ஐக்கிய நாணயச் சங்கம் பதிவானது காஞ்சீபுரத்திலேதான். பஞ்சாயத்தார் மறுநாளே சென்று பார்த்து, நாள், நேரம், சாய்ந்த மரம், பறந்த ஓடு ஆகியவற்றைக் குறிப்பேட்டில் பதிந்து, விதிகளுக்குட்பட்டுச் சிறு கடன் அளிக்கலாம். கிராம நிர்வாக அலுவலருக்கும் அன்றே எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும்.

விழுந்த மரமெல்லாம் இறந்த மரமன்று. பாதி வேர் மண்ணிலுள்ள இளமரத்தை, ஈரம் காயுமுன், தழையைக் குறைத்து நிமிர்த்தி, வேரை மண்ணால் மூடி, முட்டுக்கொடுத்து, பழஞ்சாக்கைச் சுற்றிக் கட்டுக. பருத்த மரத்தை நிமிர்த்த முயலுதல் வீண், அபாயமும் உண்டு. தொங்கும் கிளையை முதலில் அடிப்புறம் சிறிது அறுத்து, பின்னர் மேற்புறம் அறுத்தால் பட்டை உரியாது. தென்னையில் மட்டைகள் முறிந்தபோதிலும் குருத்து உயிரோடிருப்பின் வெட்டாமற் சில மாதம் பொறுத்துப் பார்த்தல் வேண்டும். சாய்ந்த வாழையை வெட்டியெறியும்போது பக்கக் கன்றுகளை மிதித்துவிடாமல் காக்க.