கடிதத்தில் உள்ள திகதி

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும் பெற்றோரின் பேச்சில் இப்போது ஈ.எச்.சி. பிளானும், அதாவது கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டமும், சேர்ந்துவிட்டது. ஓட்டிசமோ பேச்சுத் தாமதமோ உள்ள பிள்ளைக்குப் பள்ளியில் கூடுதல் உதவி கேட்டிருப்பார்கள். கவுன்சில் மறுத்துக் கடிதம் போட்டிருக்கும். உடனே ஒருவர், “எங்கட மச்சானுக்கு எம்.பி. ஒரு கடிதம் குடுத்தவர், அதோட எல்லாம் சரி வந்திட்டுது” என்பார். அடுத்த வாரம் நாலு குடும்பம் எம்.பி. அலுவலகத்தில் நிற்கும். இவர்களுக்கான கடிதங்களைத் தமிழில் சொல்லிக் கொடுத்தே எனக்குப் பல வருடம் போய்விட்டது. மச்சானுக்கு மறுக்கப்பட்டது ஒன்று, இவர்களுக்கு மறுக்கப்பட்டது வேறொன்று என்பதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. நான் சொல்லப்போவது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் சட்டம் வேறு.

எது மறுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே வழி மாறும். காசை முன்வைத்து வழக்காட வேண்டாம். தனிநபர் வரவுசெலவு என்று பிளானில் J பகுதியில் வரும் தொகையை எதிர்த்துச் சிறப்புக் கல்வித் தேவைக்கான தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. போகக்கூடியவை B, F, I பகுதிகள்: பிள்ளையின் தேவை, அதற்கான கல்வி உதவி, எந்தப் பள்ளி. F-இல் “வாரம் 45 நிமிடம் பேச்சுச் சிகிச்சையாளர் நேரடியாக” என்று எழுதப்பட்டுவிட்டால், 2014ஆம் ஆண்டுப் பிள்ளைகள், குடும்பங்கள் சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி அதைக் கவுன்சில் கொடுத்தே ஆகவேண்டும். காசு அதன் பின்னால் வரும். “தேவைக்கேற்ப உதவி கிடைக்க வழிசெய்யப்படும்” என்று எழுதியிருந்தால் ஒன்றும் கிடைக்காது.

பிள்ளையின் தேவையை மதிப்பீடு செய்யவே மாட்டோம் என்று மறுக்கிறார்கள் என்றால், “பள்ளி தன் காசில் 6,000 பவுண் செலவழித்ததற்கு ஆதாரம் இல்லை”, “இரண்டு வருடம் பின்தங்கியிருக்க வேண்டும்” என்றெல்லாம் காரணம் வரும். அவை கவுன்சில் தனக்கு வைத்துக்கொண்ட அளவுகோல்கள். சட்டம் கேட்பது இரண்டுதான்: பிள்ளைக்குச் சிறப்புக் கல்வித் தேவை இருக்கலாமா, அதற்குப் பிளான் மூலம் உதவி தேவைப்படலாமா. அந்த ‘லாம்’ நம் பக்கம்.

மறுப்பை எதிர்க்கச் சில வழிகள் உண்டு. மத்தியஸ்தம் இலவசம், ஒத்துக்கொண்டால் 30 நாளுக்குள் கவுன்சில் உட்கார்ந்து பேசவேண்டும். மதிப்பீட்டு மறுப்புக்கு இது பல நேரம் போதும். விருப்பமில்லை என்றாலும் மத்தியஸ்த ஆலோசகருக்கு ஒரு அழைப்பு எடுத்து, அவர் மூன்று வேலைநாளுக்குள் தரும் சான்றிதழை வாங்கி வையுங்கள்; தீர்ப்பாயத்துக்குப் போக அது தேவை. பள்ளியின் பெயரை மட்டும் எதிர்ப்பவர்களுக்கு அதுவும் வேண்டாம். அடுத்தது தீர்ப்பாயம். கட்டணம் இல்லை. நீதிபதியோடு இந்தத் துறை தெரிந்தவர்கள் இருப்பார்கள். பெரும்பாலும் வீடியோவில் நடக்கும். படிவத்தில் கேட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தாங்களே ஏற்பாடு செய்வார்கள். விசாரணை வரை போகும் வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் முழுதாகவோ ஓரளவோ பெற்றோர் பக்கம்தான் முடிகின்றன.

இனி எம்.பி., கவுன்சிலர், முறைப்பாடு என்ற அந்தப் பாதை. நம்மவர்களுக்கு இதில் தனி ஆசை. கவுன்சிலர் நம் ஊர்க்காரராக இருப்பார், கோயில் திருவிழாவில் பொன்னாடை போர்த்தியிருப்போம், மறுக்க மாட்டார் என்று நம்புகிறோம். அவரும் மறுப்பதில்லை. “நான் கதைக்கிறன்” என்பார், கதைக்கவும் செய்வார். ஆனால் சட்டப்படி எடுத்த முடிவை மாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை, எம்.பி.யிடமும் இல்லை. அவர்கள் எழுதினால் அதிகாரி மரியாதையாகப் பதில் எழுதுவார்: உங்கள் கவலை புரிகிறது, முடிவு சரியாக எடுக்கப்பட்டது. அந்தப் பதில் வர ஆறு வாரம். பெற்றோர் அதைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு கடிதம் எழுதச் சொல்வார்கள். இதற்கிடையில் மறுப்புக் கடிதத்தின் திகதியிலிருந்து இரண்டு மாதம், அல்லது மத்தியஸ்தச் சான்றிதழிலிருந்து ஒரு மாதம், இவற்றில் எது பிந்தியதோ அந்தக் கெடு ஓடி முடிந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு தாய் நிறைந்த கோப்போடு வந்தார். எட்டுக் கடிதம், எல்லாம் நல்ல தாளில், ஒன்றில் நாடாளுமன்ற முத்திரைகூட. கெடு முடிந்து மூன்று வாரம். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் தீர்ப்பாயம் ஏற்கலாம்தான். கவுன்சிலரை நம்பியிருந்தேன் என்பதைத் தக்க காரணம் என்று யார் ஒத்துக்கொள்வார்கள்?

கவுன்சிலின் முறைப்பாட்டுப் பிரிவும், அதற்கு மேலே இருக்கும் ஒம்புட்ஸ்மனும் இதே கதைதான். தீர்ப்பாயத்துக்குப் போகக்கூடிய விஷயத்தை ஒம்புட்ஸ்மன் பொதுவாகத் தொடமாட்டார். அவர் வேறு இரண்டுக்குப் பயன்படுவார்: 20 வாரத்துக்குள் வரவேண்டிய பிளான் வராமல் இழுபடும்போதும், எழுதிய உதவியைக் கவுன்சில் கொடுக்காமல் விடும்போதும். அப்போது எம்.பி.யின் கடிதமும் கொஞ்சம் வேலை செய்யும் என்று ஒத்துக்கொள்கிறேன், அரைமனதாக. அரசியல்வாதியின் சந்திப்பு வரிசையில் நிற்பது எனக்கு எப்போதும் பிடித்ததில்லை. இந்தக் கட்டுரையில் அதையும் கழித்துவிட்டு வாசியுங்கள்.

வழக்கறிஞர் வேண்டுமா? பள்ளி இடம் பற்றிய பெரிய வழக்குக்கு உதவியாக இருக்கும். மற்றதற்கு ஒவ்வொரு கவுன்சில் எல்லைக்குள்ளும் இருக்கும் ‘செண்டியாஸ்’ என்ற இலவச ஆலோசனைச் சேவையும், இப்சீ, எஸ்.ஓ.எஸ். சென் போன்ற தொண்டு அமைப்புகளும் போதும். வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவிக்குத் தகுதியா என்றும் கேட்டுப் பாருங்கள். நகையை அடகு வைத்துத் தனியார் உளவியலாளர் அறிக்கை எடுப்பதற்கு முன், பள்ளியிடம் இருக்கும் காகிதங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பாதி வழக்கு அங்கேயே கிடக்கும்.

நம் பிள்ளைகளுக்கு வரும் இன்னொரு சிக்கல் உண்டு. “வீட்டில் தமிழ் பேசுவதால்தான் இப்படி” என்பார்கள். வீட்டு மொழி வேறு என்ற ஒரே காரணத்தால் பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு என்று சொல்லக்கூடாது என அதே 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. அதைப் புரட்டிப்போட்டு, தமிழ் பேசும் பிள்ளைக்குக் குறைபாடே இருக்க முடியாது என்பதுபோல் மறுப்பார்கள். தமிழிலும் பிள்ளை தடுமாறினால் அதுதான் உங்கள் ஆதாரம். பேச்சுச் சிகிச்சையாளரிடம் இரண்டு மொழியிலும் பார்க்கச் சொல்லுங்கள். தமிழை நிறுத்தாதீர்கள்.

தீர்ப்பாய நாள் வர மாதக்கணக்காகும், வருடமும் ஆகலாம். அந்தக் காலம் வீண் இல்லை. பிள்ளை எதில் சிக்குகிறான், எதில் தானாக ஓடுகிறான், எந்த ஆசிரியரோடு அமைதியாக இருக்கிறான் என்று கொப்பியில் திகதி போட்டு எழுதி வாருங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த மணித்தியாலத்தை எண்ணுவதைவிட உங்கள் பிள்ளையின் ஒரு செவ்வாய்க்கிழமையைப் பொறுமையாகப் பார்ப்பது விசாரணையில் கூடுதலாக உதவும். எல்லாப் பிள்ளைக்கும் முழுநேர உதவியாளர் நல்லதும் இல்லை. சிலருக்குச் சிறிய வகுப்பு போதும், சிலருக்குத் தட்டச்சுக் கருவி. அதைத் தெரிந்தவர் நீங்கள்.

பிள்ளை கட்டாயக் கல்வி வயதைத் தாண்டிவிட்டால், அதாவது 16 வயது நிறையும் கல்வியாண்டோடு, மேன்முறையீட்டு உரிமை பிள்ளையினுடையது. பிளான் 25 வயதுவரைகூட நீடிக்கலாம். படிவத்தில் பெயரும் அவருடையதாக இருக்கவேண்டும். தானாக முடிவெடுக்க இயலாதவர் என்றால் மட்டும் நீங்கள் அவருக்காக நடத்தலாம்.