பிரேக்கை மிதிப்பது பாதி, விடுவது மீதி
சிம் ரேசிங் பாடம்: திறந்த சக்கரக் கார்கள்

போன விடுமுறையில் நாங்கள் ஆறு பேர் சிமுலேட்டரில் செப்பாங் ஓட்டினோம். ஃபார்முலா வகை கார், பத்து சுற்று. கடைசிச் சுற்றில் 15ஆம் வளைவு. முன்னால் போன தம்பியை எப்படியாவது முந்தணும்னு கடைசி நேரத்தில் பிரேக்கை ஓங்கி மிதிச்சேன். முன் சக்கரம் ரெண்டும் லாக் ஆயிடுச்சு. ஸ்டியரிங்கைத் திருப்புறேன், கார் திரும்பவே இல்லை. நேராகப் போய் அவனை இடித்து, இரண்டு பேருமே வெளியே. அவன் இந்தப் போட்டிக்காக இரண்டு வாரம் பயிற்சி செய்திருந்தான்.

"காரு பிரேக் பிடிக்கலடா" என்றேன். அவன் பதிலே சொல்லவில்லை.

இரவு ரிப்ளேயைப் போட்டுப் பார்த்தேன். காரில் ஒரு குறையும் இல்லை. குறை என் செட்டிங்கிலும் என் காலிலும்தான். பொறியியல் படிக்கிற எனக்கு இது வெட்கம். அதனால் முதலிலிருந்து படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

எடை எங்கே போகிறது?

பிரேக் போட்டால் காரின் எடை முன்பக்கம் சாயும். எவ்வளவு? ஒரு சின்னக் கணக்கு. ஓட்டுநரோடு 600 கிலோ உள்ள கார் என்று வைத்துக்கொள்வோம். நிற்கும்போது முன்னால் 264, பின்னால் 336 கிலோ. ஈர்ப்பு மையத்தின் உயரம் 0.3 மீட்டர். முன், பின் சக்கரங்களுக்கு இடையே 2.8 மீட்டர். 2 ஜி அளவுக்குப் பிரேக் போட்டால் முன்னால் நகரும் எடை 600 × 2 × 0.3 ÷ 2.8, அதாவது சுமார் 129 கிலோ. இப்போது முன்னால் 393, பின்னால் 207.

அதனால்தான் பிரேக் சக்தியில் பெரிய பங்கு முன்பக்கம் போக வேண்டும். இந்தப் பங்கீட்டைத்தான் பிரேக் பயஸ் என்கிறோம். வேகமாகப் போகும்போது காற்றின் டவுன்ஃபோர்ஸ் முன் பின் இரண்டையும் அமுக்குவதால், கணக்கில் வருகிற அளவு முன்பக்கம் தேவைப்படாது. ஃபார்முலா கார்களில் பொதுவாக 55 முதல் 60 சதவீதம் வரை பார்க்கலாம்.

பயஸ் முன்னால் அதிகமானால் முன் சக்கரம் லாக் ஆகி, கார் நேராகப் போகும். என் கதை இதுதான். பின்னால் அதிகமானால் பின் சக்கரம் லாக் ஆகி, கார் சுழலும். இரண்டில் முன்னது சமாளிக்கக் கூடியது. அதனால் கொஞ்சம் முன்னால் வைத்துத் தொடங்கி, அரை அரை சதவீதமாகப் பின்னால் நகர்த்துங்கள்.

மழை பெய்தால்? பிடிப்பு குறைவு, பிரேக்கும் மெதுவாகத்தான் போட முடியும், முன்னால் நகரும் எடையும் குறைவு. பயஸைப் பின்னால் கொண்டுபோக வேண்டும். செப்பாங் மழை லேசுப்பட்டதில்லை. 2009இல் 56 சுற்று ஓட வேண்டிய ஃபார்முலா ஒன் போட்டி 31 சுற்றோடு முடிந்து, பாதிப் புள்ளிதான் கொடுத்தார்கள்.

ஏன் விட வேண்டும்?

இந்தக் கார்களில் ஏபிஎஸ் கிடையாது. உங்கள் கால்தான் ஏபிஎஸ். டவுன்ஃபோர்ஸ் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 240 கிலோமீட்டர் வேகம் 120 ஆனால் டவுன்ஃபோர்ஸ் பாதியாகாது, நாலில் ஒரு பங்காகிவிடும். அதாவது, முதல் நொடியில் டயர் தாங்கிய அதே மிதி, அடுத்த நொடியில் சக்கரத்தை லாக் பண்ணிவிடும். எனவே முதலில் பலமாக மிதியுங்கள். வேகம் குறையக் குறைய, கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். நம்மில் பலர் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறோம்: பயந்து மெதுவாக ஆரம்பித்து, வளைவு பக்கத்தில் வந்ததும் அழுத்துகிறோம்.

அடுத்தது டிரெயில் பிரேக்கிங். டயரின் பிடிப்பு ஒரு மாதச் சம்பளம் மாதிரி. முழுசும் பிரேக்குக்குச் செலவு பண்ணிட்டா, திரும்புறதுக்கு மிச்சம் இருக்காது. ஸ்டியரிங் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு பிரேக்கை விட வேண்டும். ஒரேயடியாக விட்டாலும் தப்பு. முன்பக்க எடை போய்விடும், கார் திரும்ப மறுக்கும். இதைப் பழக செப்பாங்கின் 14ஆம் வளைவு நல்ல ஆசிரியர். அங்கே திரும்பிக்கொண்டே பிரேக் போட வேண்டும். எடை இல்லாத உள்பக்க முன் சக்கரம் முதலில் லாக் ஆகும்.

கியரையும் கவனியுங்கள். அவசரமாகக் கியரைக் குறைத்தால் எஞ்சின் பின் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். பயஸ் சரியாக இருந்தும் கார் சுழன்றால், காரணம் பெரும்பாலும் இதுதான்.

பெடலைச் சரி செய்தல்

சாதாரண பெடல், கால் எவ்வளவு தூரம் போனது என்று அளக்கும். லோட் செல் பெடல், எவ்வளவு பலமாக மிதித்தீர்கள் என்று அளக்கும். பலத்தைத்தான் கால் நன்றாக நினைவில் வைக்கும். ஆனால் இதற்காகப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. இருக்கும் பெடல் நகராமல் இறுக்கிக் கட்டுங்கள். காலிபிரேஷனில் 100 சதவீதம் என்பது, உங்கள் கால் ஒவ்வொரு சுற்றும் சிரமமில்லாமல் திரும்பச் செய்யக்கூடிய மிதியாக இருக்கட்டும்.

இந்த வாரப் பயிற்சி

1. நேர்பாதையில் மட்டும் பத்து முறை பிரேக் போடுங்கள். எந்தச் சக்கரம் முதலில் லாக் ஆகிறது என்று எழுதி வையுங்கள்.
2. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பயஸையும் பிரேக் அழுத்தத்தையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.
3. லாக் ஆனால் பிரேக்கைச் சற்று விடுங்கள். சக்கரம் சுழல ஆரம்பித்தால்தான் கார் திரும்பும். அன்று நான் செய்யாதது இதுதான்.
4. முந்துவதற்கு முன் ஒரு கேள்வி: இந்த இடத்தில் தனியாக வந்திருந்தால் என்னால் வளைவுக்குள் நிறுத்தியிருக்க முடியுமா? முடியாது என்றால் காத்திருங்கள். திறந்த சக்கரக் கார்களில் சக்கரம் சக்கரத்தில் ஏறினால் கார் மேலே தூக்கி எறியப்படும்.

மறுநாள் தம்பியைக் கூப்பிட்டு, "காரு மேல பழி போட்டது தப்பு, நான்தான் லேட்டா பிரேக் போட்டேன்" என்றேன். "எனக்கு அப்பவே தெரியும்ணே. பயஸ் எவ்வளவு வச்சிருந்தீங்க?" என்று கேட்டான்.

62. இப்போது 57. இரண்டு பேரும் சேர்ந்து பயிற்சி செய்கிறோம். இன்னும் அவன்தான் முன்னால்.