செடிக்கும் வரவு செலவுக் கணக்கு உண்டு

இடம்பெயர்ந்து வந்து புதிய காணியில் பயிரிடும் நமக்கு ஒரு சிரமம் உண்டு. பழைய மண்ணின் குணம் நமக்குத் தெரியும். புதிய மண்ணில் எது இருக்கிறது, எது குறைகிறது என்று தெரியாது. கையிலுள்ள சிறு பணத்தைப் பசளைக்குப் போடுவதா, தண்ணீருக்குப் போடுவதா? தொழிற்சாலைப் பொறியியலாளர்களின் எளிய கணக்கொன்று இங்கே உதவும்.

பலாங்கொடைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையைப் பாருங்கள். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தூளாகிறது. மீதி, வாட்டும்போதும் காயவைக்கும்போதும் ஆவியாகப் போகும் நீர். உள்ளே போனது, வெளியே வந்ததும் உள்ளே தங்கியதும் சேர்ந்த அளவுக்குச் சமம். இதுவே முதல் விதி.

காணிக்கும் இதே விதிதான். 100 கிலோ தேயிலைத் தூளுடன் சுமார் 4 கிலோ நைதரசன் நம் மண்ணைவிட்டுப் போகிறது. யூரியாவில் 46 சதவீதம் நைதரசன் இருப்பதால், இதை ஈடுசெய்யவே சுமார் 9 கிலோ யூரியா வேண்டும். மழை கழுவிச் செல்வது வேறு. கவ்வாத்து மிலாறை விறகுக்கு எடுத்தாலும், இலைகளை மலையிலேயே உதிர்த்துவிட்டால் அந்தச் செலவு குறையும்.

வரவு நின்றால் என்னவாகும்? 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியது. அவ்வாண்டு சுமார் 30 கோடி கிலோவாக இருந்த இலங்கைத் தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 25 கோடியாக இறங்கியது. எரிபொருள் தட்டுப்பாடும் அதற்கு ஒரு காரணம்.

இரண்டாவது விதி: வாட்டும் தட்டுகள் போதாவிட்டால், அரைக்கும் இயந்திரத்தைக் கூட்டிப் பயனில்லை. மிக மெதுவான வேலையே முழுத் தொழிற்சாலையின் வேகம். செடிக்கும் வெளிச்சம், நீர், சத்து மூன்றும் வேண்டும். தை, மாசி வறட்சியில் நீரின்றித் தவிக்கும் செடிக்கு யூரியா போடுவது வீண்செலவு.

நம் காணியில் எது குறைகிறது? ஒரே அளவில் மூன்று பாத்திகளில் போஞ்சி நடுவோம். ஒன்றுக்கு வழக்கமான பராமரிப்பு மட்டும். இரண்டாவதற்குத் தண்ணீர் கூடுதல். மூன்றாவதற்குக் கூட்டெரு கூடுதல். வாரம் ஒருமுறை உயரத்தை அளந்து கொப்பியில் எழுதுவோம். கடைசியில் காயை நிறுப்போம். எந்தப் பாத்தி முந்துகிறதோ, அதற்குக் கூடுதலாகக் கொடுத்ததே நம் மண்ணில் குறைவாக இருந்தது.

இந்தக் கணக்கு பூச்சியையும் நோயையும் சொல்லாது. அதற்குக் கண்பார்வை வேண்டும். ஆனாலும் கோபுரம் கட்டுமுன் செலவைக் கணக்குப் பார்ப்பவனைப் பற்றிய ஆண்டவரின் உவமை, நடுமுன் கணக்குப் பார்க்கும் நமக்கும் பொருந்தும். பணத்தைச் செலவழிக்குமுன் ஒரு பருவம் அளந்து பார்ப்போம்.