குளத்தடியாரும் அற்வாட்டரும்

மொன்றியல் மெற்றோவின் பச்சைத் தடத்தில் ‘அற்வாட்டர்’ என்றொரு நிலையம் உண்டு. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாள் இந்நகரில் மெற்றோ ஓடத் தொடங்கியபோதே திறக்கப்பட்ட நிலையங்களுள் அதுவும் ஒன்று. நம் மாணவர்கள் அப்பெயரைக் கேளாத கிழமை இராது. ஆயினும் அது ஓர் ஆங்கிலக் குடும்பப் பெயர் என்பதையும், நம் ஊர்ப் பெயர் வழக்குக்கு நெருங்கிய உறவுடையது என்பதையும் எண்ணிப் பார்த்தோர் சிலரே.

பெயரைப் பிரித்தால் பொருள் தானே விளங்கும். ‘அற்’ என்பது இடப்பொருள் உணர்த்தும் சொல். ‘வாட்டர்’ என்பது நீர். நீர்நிலையின் அருகே குடியிருப்பவர் என்பது பொருள். யாழ்ப்பாணத்தில் குளத்தின் அருகே வீடுடையவரைக் குளத்தடியார் என்போம் அன்றோ? குளம் என்பதோடு அத்துச் சாரியையும் ‘அடி’யும் சேரக் குளத்தடி ஆயிற்று. ஆலடி, புளியடி, கிணற்றடி, சந்தியடி யாவும் இவ்வாறு வந்தனவே. ஆங்கிலம் முன்னே வைப்பதைத் தமிழ் பின்னே வைக்கிறது.

நம் புணர்ச்சி போன்ற ஒன்று அவர்கள் பெயர்களிலும் நிகழ்ந்துள்ளது. பழைய ஆங்கிலத்தில் ‘அற்றன் ஆஷ்’ என்றால் ஆஷ் மரத்தடி. விரைந்து சொல்லும்போது முதற்சொல்லின் ஈற்று மெய் அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்ள, ‘நாஷ்’ என்ற பெயர் பிறந்தது. ஓக் மரத்தடியார் அவ்வாறே ‘நோக்ஸ்’ ஆயினர். தம் பெயருக்குள் ஒரு மரம் நிற்பதை இன்றைய நாஷ் குடும்பத்தார் அறிவாரோ என்னவோ!

1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றுமுன் அங்கே பெரும்பாலோர்க்கு ஒரே பெயர்தான். பின்னர் ஓர் ஊரில் பல ஜோன்கள் இருந்தமையால் தொழில், தந்தை பெயர், இருப்பிடம் முதலியவற்றை அடையாளமாகச் சேர்த்தனர். அவ்வடையாளம் அந்த ஆளுக்கே உரியது. மகனுக்கு வேறு வரும். நிலப் பதிவும் வரிப் பதிவும் பெருகியபோதுதான் அது அசையாது நின்றது. 1377, 1379, 1381ஆம் ஆண்டுகளின் தலைவரிப் பட்டியல்களில் இம்மாற்றத்தைக் காணலாம். 1400 அளவில் பெரும்பாலான ஆங்கிலக் குடும்பங்களின் பெயர்கள் உறைந்துவிட்டன.

அற்வாட்டர் குடும்பத்தின் ஊர் தென்கிழக்கு இங்கிலாந்தின் கென்ற் பகுதி. 1638இல் அமெரிக்காவில் நியூ ஹேவன் குடியேற்றத்தை நிறுவியோருள் யோசுவா, டேவிட் என்னும் அற்வாட்டர் சகோதரர் இருந்தனர். உணவின் கலோரி அளவைக் கணிக்கும் முறையை வகுத்த வில்பர் அற்வாட்டர் (1844–1907) இப்பெயரினரே. பிஸ்கற் பெட்டியிலுள்ள எண்களைப் பார்க்கும்போது அவரை நினைக்கலாம். வெர்மொண்ட் மாநிலத்தில் 1808இல் பிறந்த எட்வின் அற்வாட்டர் மொன்றியலுக்கு வந்து வணிகராகி, நகரசபை உறுப்பினரும் ஆனார். அவர் நினைவாகவே வீதிக்குப் பெயரிட்டனர். அவ்வீதியில் 1933இல் எழுந்த சந்தை லஷீன் கால்வாயின் அருகே நிற்கிறது. பெயர் தற்செயலாகத் தன் பொருளிடமே திரும்பிவிட்டது.

இனி நம் வீட்டிற்கு வருவோம். கந்தையாவின் மகன் செல்வராசா, செல்வராசாவின் மகள் மாலதி எனக் கொள்வோம். ஊரில் அவள் செல்வராசா மாலதி. தலைமுறைதோறும் முதற்பெயர் மாறும். கியூபெக் குடியியற் சட்டமோ பிள்ளைக்குப் பெற்றோரின் குடும்பப் பெயரையே, அல்லது இருவர் பெயரிலிருந்தும் எடுத்த இரு பகுதிப் பெயரையே, வழங்கச் சொல்கிறது. ஆகவே இங்கு பிறக்கும் மாலதி, ‘மாலதி கந்தையா’ ஆகிறாள். 1981 முதல் இங்கு மணமான பெண்ணும் தன் பிறப்புப் பெயரிலேயே வாழ்வதால், அவளுடைய தாய்க்கு வேறொரு பாட்டனாரின் பெயர் இருக்கும். பாடசாலையில் ஆசிரியர் “மிஸ் கந்தையா” என்று அழைக்கும்போது பிள்ளை திகைப்பதும், தந்தை தம் பெயர் எங்கே போயிற்று என்று வருந்துவதும் இதனாலேயே.

கென்ற் குளத்தடியாருக்கு ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது கந்தையாவுக்கு இப்போது நிகழ்கிறது. பிறப்புப் பதிவுத் தாளில் எழுதும் பெயர், அதனை எழுதும் பிரெஞ்சு எழுத்துக்களோடு, பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் செல்லக்கூடும். வாய்க்கு எளிதென்று அதனைப் பாதியாக வெட்டும் பெற்றோர் இதனைச் சற்றுச் சிந்திக்கவேண்டும். கந்தையா எந்த ஊரவர், அவர் வீட்டை அயலார் எந்த ‘அடி’ என்று அழைத்தனர் என்பதைச் சொல்லக்கூடியவர்கள் இன்று நம் வீடுகளில் இருக்கின்றனர். அந்தக் குளத்தடியாரைப் பற்றிக் கேட்பதற்கு எவருமில்லை.